கருவாட்டு வாசமும் முதல் பொய்யும்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து அம்மாச்சி அனுப்பும் நெத்திலிக் கருவாடு என்றால் அவளுக்கு உயிர். சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் போட்டுத் தொக்காகச் சுண்டவைத்தால், இறக்குவதற்கு முன்பே தட்டோடு வந்து நிற்பாள். அன்று அவளே கேட்டுத்தான் டிபன் பாக்ஸில் வைத்தேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். குழாயடியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தது. மூடியின் ரப்பர் இடுக்கில் மட்டும் சிவப்பேறிய இரண்டு பருக்கைகள் ஒட்டியிருந்தன.

"எல்லாத்தையும் சாப்பிட்டியாடா?"

"இல்லம்மா. மூடியத் திறக்கும்போது கீழ கொட்டிடுச்சு. ஆயாம்மா கூட்டிட்டாங்க."

"அப்புறம் என்ன சாப்பிட்ட?"

"எனக்குப் பசிக்கவே இல்ல." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குத் தயிர் சாதம் வைம்மா."

இரண்டு நாள் கழித்து, அதே வேனில் போகும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே வந்து சொன்னாள். "ஆன்ட்டி, அன்னைக்கு அவ பாக்ஸத் திறந்ததும் ரெண்டு பேரு மூக்கப் பொத்திக்கிட்டாங்க. 'சீ, நாத்தம்'னு சொல்லித் தள்ளி உக்காந்துட்டாங்க. அவ எடுத்துட்டுப் போய்த் தொட்டில கொட்டிட்டு, கழுவிட்டு வந்துட்டா."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை பசியோடு இருந்தாளே என்ற வருத்தம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வருத்தம், ஆறு வருடமாக என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாதிருந்தவள் அன்று மறைத்தாள் என்பது. தனக்குப் பிடித்த சோற்றைத் தானே கொட்டினாள். தடயம் தெரியாமல் கழுவினாள். எனக்காக ஒரு கதையும் கட்டினாள். பள்ளிக்கூடம் என் பிள்ளையின் வெள்ளை மனத்தை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பி அனுப்பியது போல இருந்தது.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோருக்கும் இப்படி ஒரு நாள் வருகிறது. அந்த நாளில் பிள்ளைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? பல பத்தாண்டுகளாக உளவியலாளர்கள் மிட்டாயையும் பொம்மையையும் சட்டையையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளைப் படித்த பிறகு என் வருத்தம் போகவில்லை. எதற்காக வருத்தப்பட வேண்டும், எதற்காக வேண்டியதில்லை என்பது மட்டும் தெளிவானது.

கதவுக்குப் பின்னால்

மூன்று வயதில் அவளோடு ஒளிந்து விளையாடியது நினைவிருக்கிறது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். உடம்பு முழுக்க வெளியே தெரியும். அடுத்த முறை கதவுக்குப் பின்னால் நிற்பாள். "எங்க ஒளிஞ்சிருக்க?" என்று கேட்டால், "கதவுக்குப் பின்னாடி" என்று அவளே பதில் சொல்வாள். கள்ளம் கபடம் அறியாத வயது என்று நாம் சொல்வது இதைத்தான்.

1983இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் இருவர் குழந்தைகளுக்கு ஒரு சின்னக் கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் தன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா கேக் செய்வதற்காக அதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியைப் பச்சை அலமாரியில் வைக்கிறாள். மாக்ஸி பசியோடு திரும்பி வருகிறான். சாக்லேட்டை அவன் எங்கே தேடுவான்?

நமக்கு இது கேள்வியே இல்லை. நீல அலமாரியில்தான் தேடுவான்; மாற்றி வைத்தது அவனுக்குத் தெரியாதே. ஆனால் மூன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூட நீல அலமாரியைக் காட்டவில்லை. சாக்லேட் பச்சை அலமாரியில் இருப்பது தனக்குத் தெரியும், ஆகவே மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நான்கு முதல் ஆறு வயதில் 57 சதவீதம் பேரும், ஆறு முதல் ஒன்பது வயதில் 86 சதவீதம் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

இந்தச் சோதனை பின்னர் பல நாடுகளில் பல வடிவங்களில் நடந்தது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஒப்பிட்டது. மொழியும் வீடும் வளர்ப்பும் வேறுவேறு; ஆனாலும் ஐந்தையொட்டிய வயதில் பெரும்பாலான குழந்தைகள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று கூடப் பிறந்தவர்கள் உள்ள குழந்தைகள் சற்று முன்னதாகவே தாண்டுவதை பெர்னரும் அவர் சகாக்களும் 1994இல் காட்டினார்கள். சேர்ந்து விளையாடுவதும் சண்டை போடுவதும் பேசுவதும் இந்தத் திறனை வளர்க்கின்றன.

பிறர்மனம் அறியும் திறன் என்று இதைச் சொல்லலாம். தன் தலைக்குள் இருப்பது அடுத்தவர் தலைக்குள் இல்லை என்பதை ஒரு குழந்தை கண்டுபிடிக்கிறது. தன் மனதுக்கு ஒரு கதவு இருக்கிறது என்பதும் அதே நேரத்தில் அதற்குத் தெரிந்துவிடுகிறது. கதவு இருந்தால் சாத்தவும் செய்யலாம்.

பொய் சொல்ல என்ன வேண்டும்

1989இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் லூயிஸும் அவர் குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகள் 33 பேரை ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "நான் வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். 29 பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பார்த்தாயா?" என்று கேட்டபோது அவர்களில் 11 பேர் ஒப்புக்கொண்டார்கள், 11 பேர் இல்லை என்றார்கள், 7 பேர் பதிலே சொல்லவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளையும் உண்மை சொன்ன பிள்ளைகளையும் அவர்கள் முகத்தை வைத்துப் பிரித்தறிய பெரியவர்களால் முடியவில்லை.

கனடாவில் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் இதே விளையாட்டை மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளோடு ஆடினார்கள். எட்டிப்பார்த்த மூன்று வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரில் பெரும்பாலோர் மறுத்தார்கள். பிறகு, "சரி, அது என்ன பொம்மையாக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், பார்க்கவே இல்லை என்று சொன்ன அதே வாயால் பொம்மையின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஆறு, ஏழு வயதில் ஏறத்தாழப் பாதிப் பேர் எதுவும் தெரியாதது போலவே பதில் சொன்னார்கள்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. பொய் சொல்லும் பிள்ளை மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்தாக வேண்டும். நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். அது வாய்தவறி வராமல் அடக்க வேண்டும். கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணித்து, அதற்குப் பொருந்தும் வேறொரு நிகழ்ச்சியைக் கட்ட வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி வளர்வதோடு சேர்ந்துதான் இந்தத் திறன்களும் வளர்கின்றன. 2015இல் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு, பிறர்மனம் அறிவதற்கும் பொய்க்கும் உள்ள தொடர்பை நேராகவே சோதித்தது. மிட்டாயை ஒளித்து ஏமாற்றும் விளையாட்டில் ஏமாற்றவே தெரியாதிருந்த மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பிறர்மனம் அறியும் பயிற்சி கொடுத்தார்கள். பொய்யைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் பேசவில்லை. பயிற்சி முடிந்ததும் அவர்கள் ஏமாற்றத் தொடங்கினார்கள்.

இதே திறனுக்கு இன்னொரு முகமும் உண்டு. தல்வாரும் லீயும் 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒருவர் மூக்கில் பளிச்சென்று ஒரு கறையோடு வந்து உட்கார்ந்து, "போட்டோ எடுக்கப் போகிறார்கள், நான் நன்றாக இருக்கிறேனா?" என்று குழந்தைகளிடம் கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் நன்றாக இருக்கிறீர்கள் என்றார்கள். அவர் போன பிறகு வேறொருவர் கேட்டபோது, அவர் நன்றாக இல்லை என்று சொன்னார்கள். அந்த மனிதரின் மனம் நோகுமே என்ற கவலைக்கும் அவர் மனதுக்குள் நுழைந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அழும் தம்பிக்குத் தன் பொம்மையைக் கொடுக்காமல், அவனுக்குப் பிடித்த பொம்மையைத் தேடிக் கொடுக்கும் அக்காளுக்குள் வேலை செய்வதும் இதே திறன்தான்.

இப்போது என் மகளின் பொய்யைத் திரும்பப் பார்க்கிறேன். கொட்டியது அம்மாவுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உண்மை தெரிந்தால் அம்மா வருந்துவாள் என்று தெரிந்திருந்தது. கூட்டியது யார் என்று நான் கேட்பேன் என்று ஊகித்து, ஆயாம்மாவைக் கதைக்குள் முன்கூட்டியே கொண்டுவந்திருந்தாள். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தது, கதை நின்றதா என்று தெரிந்துகொள்ள. அந்தப் பொய்யில் ஆறு வருட வளர்ச்சி இருந்தது. என்மீது வைத்த அன்பும் இருந்தது.

நாற்றம் யாருடையது

ஆகவே பொய்க்காக நான் வருத்தப்பட வேண்டியதில்லை. வருத்தம் வேறோர் இடத்தில் இருந்தது. காலையில் ஆசையாகக் கேட்ட சாப்பாட்டின் மீது மதியத்துக்குள் அவளுக்கே அருவருப்பு எப்படி வந்தது?

பிடித்தலும் பிடிக்காமையும் நாக்கில் தொடங்கும் விஷயம் என்று நினைக்கிறோம். ஆனால் தாய் சாப்பிடுவதன் சுவையும் மணமும் கருப்பையின் நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. ஜூலி மெனெல்லா என்ற ஆய்வாளர் 2001இல் இதைக் கேரட் சாறு கொண்டு காட்டினார். கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் கலந்த கூழைக் குறைவாக முகம் சுளித்துச் சாப்பிட்டது. அப்படியானால் அம்மாச்சி வீட்டுக் கருவாட்டு வாசம் என் மகளுக்குப் பிறப்பதற்கு முன்பே பழக்கம்.

அந்த வாசம் என்பது வேதியியல்படி மிகச் சாதாரணமானது. கடல்மீன்களின் உடலில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் நுண்ணுயிரிகள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த வாயுவுடையது. அதை நல்ல வாசம் என்பதும் கெட்ட வாசம் என்பதும் மூலக்கூறில் எழுதியிருக்கவில்லை. அருவருப்பு என்பது குழந்தைகளிடம் தாமதமாக வரும் உணர்ச்சி என்று பால் ரோசினின் ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை நாம் முகம் சுளிக்கும் பலவற்றைத் தயங்காமல் வாயில் வைக்கும். எதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும் என்பதைச் சுற்றியிருப்பவர்களின் முகங்களிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது.

பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். பூவுக்கும் நாற்றம் உண்டு. காலப்போக்கில் அந்தச் சொல் கெட்ட வாடையை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. சொல்லுக்கு நூற்றாண்டுகள் எடுத்த அந்தச் சுருக்கம், சாப்பாட்டு மேசையில் ஒரு குழந்தைக்குள் ஒரே நிமிடத்தில் நடந்துவிட்டது. மூக்கைப் பொத்திய அந்த இரண்டு பிள்ளைகளும் அதை எங்கோ யாரோ முகம் சுளித்ததைப் பார்த்துத்தான் கற்றிருப்பார்கள். கருவாடு வாடகை வீட்டில் சமைக்கக் கூடாது என்று யாராவது சொன்னதைக் கேட்டிருப்பார்கள். இது சாப்பிடுகிறவர்கள், அது சாப்பிடாதவர்கள் என்று பெரியவர்கள் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பார்கள். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு நம் ஊரில் பல சமயம் சாதியைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது.

பார்க்கப்படும் பிள்ளை

அந்தச் சுளிப்பு அவளை ஏன் அவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதற்கும் வயதுதான் காரணம். ஒன்றரை முதல் இரண்டு வயதில் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தை அறிகிறது. அதன் பிறகு வெட்கம், கூச்சம், பெருமை போன்ற உணர்ச்சிகள் வருகின்றன. ஐந்து வயதில், பிறர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கணக்கும் சேர்ந்துவிடுகிறது. 2012இல் ஜெர்மனியில் எங்கெல்மான், ஹெர்மான், டொமசெல்லோ மூவரும் நடத்திய சோதனையில், இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது ஐந்து வயதுக் குழந்தைகள் அதிகம் பகிர்ந்துகொண்டார்கள், குறைவாகத் திருடினார்கள். சிம்பன்சிகளுக்கு யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றாகவே இருந்தது.

கூட்டத்தோடு ஒத்துப்போகும் பழக்கமும் அதே காலத்தில்தான் வருகிறது. ஹவுனும் டொமசெல்லோவும் 2011இல் நான்கு வயதுப் பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு படப்புத்தகம் கொடுத்தார்கள். எல்லோரிடமும் ஒரே புத்தகம் இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள். உண்மையில் ஒரு பிள்ளையிடம் மட்டும் சில பக்கங்கள் வேறாக இருந்தன. மற்ற மூவரும் ஒரு பதிலைச் சத்தமாகச் சொன்னதும், தன் கண்ணெதிரே வேறொன்று தெரிந்தும் அந்தப் பிள்ளை பல முறை அவர்கள் சொன்னதையே சொன்னது. மற்றவர்களுக்குத் தெரியாமல் பதில் காட்டலாம் என்றபோது ஒத்துப்போவது குறைந்தது. தன் கண் பார்த்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. தனித்துத் தெரிய விரும்பவில்லை, அவ்வளவுதான்.

என் மகளும் நாக்கின் ருசியை மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே தொக்கை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "இது வீட்ல மட்டும் சாப்பிடற சாப்பாடாம்மா?"

ஆறு வயதில் அவளுக்குள் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது: வெளியே காட்டலாம் என்பது ஒன்று, வெளியே காட்டக் கூடாது என்பது ஒன்று. எனக்கு வலித்தது அந்தக் கேள்விதான்.

சட்டையின் நிறம்

பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தால் பிரிவினை தானாக வந்துவிடுமா? இதற்கு விடை சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 1997இல் அமெரிக்காவில் ரெபேக்கா பிக்லரும் சகாக்களும் ஒரு கோடைகாலப் பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு நிறச் சட்டைகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு சில வகுப்புகளில், "நீலச் சட்டைகள் இங்கே வரிசையாக நில்லுங்கள், மஞ்சள் சட்டைகள் அங்கே" என்று நிறத்தைச் சொல்லி வகுப்பை நடத்தினார்கள். ஒரு நிறம் உயர்ந்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டாம் வகை வகுப்பறைகளில் பிள்ளைகள் தங்கள் நிறத்தாரை உயர்த்தி மதிக்கத் தொடங்கினார்கள். நிறத்தை ஆசிரியர் பொருட்படுத்தாத வகுப்பில் அது நடக்கவில்லை. பிரிவைக் கவனிக்கும் திறன் பிள்ளையிடம் இருக்கிறது. எந்தப் பிரிவு கவனிக்கத்தக்கது என்பதைப் பெரியவர்கள்தான் காட்டுகிறார்கள்.

அப்படிக் காட்டுவதன் விளைவு எவ்வளவு தூரம் போகும்? 1947இல் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் காட்டிய ஆய்வை வெளியிட்டார்கள். விளையாட எது பிடிக்கும் என்றபோது மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். எது கெட்டதாகத் தெரிகிறது என்ற கேள்விக்குப் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நிறத்துப் பொம்மையைக் காட்டினார்கள். நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கையும் மேற்கோள் காட்டப்பட்டது.

அறிவைப் பற்றிய எண்ணமும் இந்த வயதிலேயே பிரிகிறது. 2017இல் பியான், லெஸ்லி, சிம்பியன் ஆகியோர் அமெரிக்காவில் கண்டது இது: ஐந்து வயதுச் சிறுமிகள், மிகமிகப் புத்திசாலி யார் என்றால் சிறுவர்களைப் போலவே தங்கள் பாலினத்தாரைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் அப்படிக் காட்டும் சிறுமிகள் குறைந்துவிட்டார்கள். மிகமிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் அதை ஆடும் ஆர்வமும் அவர்களிடம் குறைந்தது.

நம் நாட்டு உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேருக்குக் காகிதத்தில் வழிகண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் உயர்த்தப்பட்ட சாதியினர், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஒன்றுபோலத் தீர்த்தார்கள். புதிருக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவர் சாதியையும் வாசித்ததும், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. மூளை அதேதான், காகிதமும் அதேதான். ஒரு சொல் மட்டும் அறைக்குள் புதிதாக வந்திருந்தது.

சதாராவின் பள்ளியில் படித்த சிறுவன் அம்பேத்கர் உட்காரக் கோணிப்பையைத் தானே வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் திரும்ப எடுத்துவர வேண்டியிருந்தது. குழாயைத் தொட அனுமதி இல்லை. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அந்தக் கோணிப்பை ஒரு பிள்ளைக்குத் தினமும் நடத்திய பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதெல்லாம் முடிந்துபோன கதை என்று சொல்லவும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. கோடைகாலப் பள்ளியின் நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும் நம் ஊரில் மணிக்கட்டுக் கயிறாக இருக்கின்றன.

இதற்கு எதிரான பாடத்தையும் நம் பள்ளிகள் நடத்தியிருக்கின்றன. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம், 1982இல் வந்த சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு மூன்றும் வயிற்றை நிரப்பியதோடு நிற்கவில்லை. ஒரே பானையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வைத்தன. அந்த வரிசையில் யாரும் யாரையும் பார்த்து மூக்கைப் பொத்த வழியில்லை.

அடிக்குப் பயந்த உண்மை

பிள்ளை பொய் சொன்னது தெரிந்ததும் நம்மில் பலருக்கு முதலில் கோபம் வரும். இப்போதே கண்டிக்காவிட்டால் பழக்கமாகிவிடும் என்று தோன்றும். மேற்கு ஆப்பிரிக்காவில் பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு பள்ளிகளின் சிறு பிள்ளைகளைத் தல்வாரும் லீயும் ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். ஒரு பள்ளியில் சிறு தப்புக்கும் அடி விழும். மற்றதில் அடி கிடையாது. அதே எட்டிப்பார்க்கும் விளையாட்டில், அடி விழும் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் பொய் சொன்னார்கள். அந்தச் சின்ன வயதிலேயே பிடிபடாமல் சொல்லவும் கற்றிருந்தார்கள். அடி உண்மையை வரவழைக்கவில்லை. நல்ல பொய்யை வளர்த்திருந்தது.

2014இல் லீயும் தல்வாரும் இன்னொன்றைப் பார்த்தார்கள். பொய் சொன்னால் மூக்கு வளரும் பினோக்கியோ கதையும், நம் 'புலி வருது' கதை போன்ற ஓநாய்க் கதையும் கேட்ட பிள்ளைகள் கேட்காதவர்களைப் போலவேதான் பொய் சொன்னார்கள். செர்ரி மரத்தை வெட்டிய சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் ஒப்புக்கொண்டதும் அவன் தந்தை மெச்சினார் என்ற கதையைக் கேட்டவர்கள் அதிகம் உண்மை சொன்னார்கள். பொய்யின் தண்டனையைவிட உண்மைக்குக் கிடைக்கும் வரவேற்பு பிள்ளையை அசைக்கிறது.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. அறிவியலும் சட்டமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம்

நான் அவளிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருந்தபோது அம்மாச்சி கொடுத்தனுப்பிய தொக்கு டப்பாவைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, அறையில் யாரும் இல்லாத நேரத்தில் சாப்பிட்டதைச் சொன்னேன். "ஏம்மா ஒளிச்ச?" என்றாள். "யாராச்சும் நாத்தம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "நீ அழுவியேன்னுதாம்மா சொல்லல" என்றாள்.

மறுநாள் வகுப்பாசிரியையைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், அவர்களும் ஆறு வயதுக்காரர்கள்தான் என்று கேட்டுக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டின்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து, "எங்க வீட்டுல சென்னாக்குனிக் கருவாடு செய்வோம், உங்க வீட்டுல என்ன செய்வீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிக்லரின் பள்ளியில் ஆசிரியரின் சொல் பிரித்தது. இங்கே ஓர் ஆசிரியையின் சொல் பிள்ளைகளை ஒரு பெஞ்சில் சேர்த்து உட்காரவைத்தது.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கருவாடு இன்னும் பள்ளிக்குப் போவதில்லை. "வீட்ல சாப்பிட்டுக்கிறேம்மா" என்கிறாள், நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் டிபன் பாக்ஸில் சோறு மீந்தால் ஏன் மீந்தது என்று சொல்கிறாள்.

பிள்ளையின் மனதுக்குக் கதவு வைப்பது இயற்கை. அதை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கதவைத் திறந்ததும் வெளியே எந்த முகங்கள் அதற்குத் தெரிகின்றன என்பது முழுக்க நம் பொறுப்பு. பெற்றோராக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும் உங்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த வீட்டுச் சாப்பாட்டையோ நிறத்தையோ சாதியையோ பற்றிப் பிள்ளையின் முன்னால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பிள்ளை சொல்லும் முதல் பொய்யைப் பிடிபட்ட குற்றமாகப் பார்க்காமல், யாருக்குப் பயந்து அதைச் சொன்னது என்று தேடிப் பாருங்கள்.